ராமர் பச்சையும் சாயவேர்ச் சிவப்பும்

(திருப்புல்லாணியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜவுளிக்கடையில் சேலை எடுக்க வரும் பெண்கள் நிறத்தை எப்படிக் கேட்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். மாம்பழ மஞ்சள், மிளகாய்ப்பழச் சிவப்பு, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, வெந்தய நிறம், மயில் கழுத்து. வெறும் மஞ்சள், வெறும் சிவப்பு என்று கேட்பவர் குறைவு. ஒவ்வொரு நிறமும் ஒரு பொருளோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. மயில் கழுத்து என்பது உண்மையில் ஒரு நிறமே அல்ல. பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் ஓடும்போது துணி அசைவதற்கேற்ப மாறும் சாயல். நெசவு தெரியாதவர் அந்தப் பெயரை வைத்திருக்க முடியாது. இந்த வரிசையில் 'ராமர் பச்சை' என்றும் ஒன்று உண்டு. கடல் வழிவிட வேண்டி ராமன் தருப்பைப் புல்லின் மேல் கிடந்தான் என்று தலபுராணம் சொல்லும் ஊரில், புல்லணை என்பதே பெயராகிவிட்ட ஊரில், அந்த நிறத்தில் இருந்து பேச்சைத் தொடங்குவது பொருத்தம் என்று நினைக்கிறேன். வரைகலை, இணையப் பக்கம், வீட்டின் உள் அலங்காரம், கட்டடம் ஆகியவற்றில் வண்ணத்துக்கு ஊக்கம் தேடுகிறவர்கள் இன்று பெரும்பாலும் வண்ணங்களைத்தான் தேடுகிறார்கள். அழகான ஒரு படத்தைக் கண்டால் அதிலிருந்து ஐந்து நிறங்களை உறிஞ்சி எடுத்துத் தம் வேலையில் வைத்துவிடுகிறார்கள். அந்த நிறம் எந்தப் பொருளிலிருந்து, எந்தத் தடைக்குள் அடங்கி வந்தது என்று கேட்பதில்லை. வண்ண வடிவமைப்பில் கற்க வேண்டியது அந்தத் தடையைத்தான் என்பது என் வாதம். அதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை, அதாவது 1985இல் மூன்றாகப் பிரிக்கப்படுவதற்கு முன் இருந்த அந்தப் பெரிய வறண்ட நிலப்பரப்பை, எடுத்துக்கொண்டாலே போதும். வேண்டாத அலுவலரைத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றிவிடுவேன் என்று மிரட்டும்போது மேலதிகாரியின் மனக்கண்ணில் வந்து நின்ற அதே மாவட்டம்.

முதலில் சாயவேர். கடற்கரை மணலில் தரையோடு தரையாகப் படரும் ஒரு சிறு செடி. சித்த மருத்துவம் இதை இம்பூறல் என்று அறியும். மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லாத செடி. அதன் மெல்லிய வேரின் பட்டையில்தான் சிவப்பு இருக்கிறது. சோழமண்டலக் கரை நெடுகவும், ராமேசுவரத் தீவிலும், எதிர்க்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதைத் தோண்டி எடுத்தார்கள். ஆனால் வேரை அரைத்துத் துணியில் பூசிவிட்டால் சிவப்பு வந்துவிடாது. துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்துக் காயவிட வேண்டும். பிறகு படிகாரக் கரைசல் பட்ட இடத்தில் மட்டும் சாயவேர் சிவப்பாகப் பிடிக்கும். இரும்பைப் புளிக்கவைத்து எடுத்த கரைசல் பட்ட இடத்தில் அதே வேர் கருமையாகிவிடும். ஒன்றும் படாத இடத்தில் கொஞ்சமாக ஏறும் கறை, துவைத்து வெயிலில் போட்டால் வெளுத்துப் போகும். சுண்ணாம்புச் சத்துள்ள நீர் அந்தச் சிவப்பைத் துலக்கிக் காட்டும். சிப்பியும் சங்கும் பொடியாகிக் கிடக்கும் கரைக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தத் தொழிலின் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாயக்காரர் நிறத்தைத் தீட்டவில்லை. நிறம் எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்பதை மட்டும் தீட்டுகிறார். தீட்டும்போது அவர் கண்ணுக்கு நிறமே தெரியாது. ஒரே வேரிலிருந்து சிவப்பும் கறுப்பும் வருவதால் அவை ஒரு துணியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் சண்டையிடுவதில்லை. இன்றைய வடிவமைப்பாளர் 'ஒத்துப்போகும் நிறங்கள்' என்று அட்டவணை போட்டுத் தேடுவது, அங்கே தொழில்நுட்பத்தின் விளைவாகவே கிடைத்துவிடுகிறது. 1742இல் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கரையின் சாயமுறையைப் படிப்படியாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். அவர் எழுதி அனுப்பியது செய்முறை. நிறத்தின் மாதிரித் துணி அதற்கு முன்பே கப்பல் கப்பலாய்ப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்து மட்டும் ஐரோப்பியரால் அந்தச் சிவப்பைச் செய்ய முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். அதைப் பிறகு என்று தள்ளிப்போட விரும்பவில்லை. பளிச்சென்ற நிறங்கள் பக்குவப்படாத ரசனையின் அடையாளம், தேர்ந்த கண் வெண்மையையும் சாம்பலையும் நாடும் என்பது அந்த மறுப்பு. நம் ஊரில் இதை ஒரு திரைப்பட நடிகரின் பெயரால் 'ராமராஜன் கலர்' என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம். அந்தச் சிரிப்புக்கு ஐரோப்பாவில் ஒரு வம்சாவளி உண்டு. நாகரிகம் குறைந்த மக்களும் குழந்தைகளும்தான் அழுத்தமான நிறங்களை விரும்புவார்கள், பண்பட்டவர்கள் அவற்றைத் தவிர்ப்பார்கள் என்ற கருத்தை 1810இல் வெளியான தம் நிறக் கோட்பாட்டு நூலில் ஜெர்மானியக் கவிஞர் கெத்தே எழுதிவைத்தார். அவருக்கு முன்பே கலை வரலாற்றாளர் விங்கல்மன் கிரேக்கச் சிற்பத்தின் வெண்மையைப் போற்றி ஒரு தலைமுறையையே வெள்ளைப் பளிங்கின் முன் மண்டியிட வைத்திருந்தார். ஆனால் அந்தச் சிற்பங்கள் செதுக்கப்பட்ட காலத்தில் வெள்ளையாக இல்லை. சிவப்பும் நீலமும் மஞ்சளும் பூசி நின்றவை அவை. மழையும் மண்ணும் நூற்றாண்டுகளும் அவற்றை வெளுக்கவைத்தன. 2003இல் மியூனிக் நகரில் பிரிங்க்மன் என்ற ஆய்வாளரின் முயற்சியால், எஞ்சிய நிறத்துகள்களைக் கொண்டு மீட்டமைத்த வண்ணச் சிற்பங்களின் கண்காட்சி நடந்தபோது பார்த்தவர்கள் திகைத்தார்கள். வெளுத்துப்போனதையே ரசனையின் உச்சம் என்று எண்ணிவிட்டார்கள் என்பதுதான் உண்மை. இன்னொரு சான்று இதைவிட நமக்கு நெருக்கமானது. இந்தியச் சாயத்துணியின் மேல் ஐரோப்பா கொண்ட மோகத்தைத் தாங்க முடியாமல் பிரான்சு 1686இல் அதற்குத் தடை போட்டது; 1759 வரை தடை நீடித்தது. இங்கிலாந்து 1700இலும் 1720இலும் சட்டம் இயற்றியது. நிறம் பண்படாதவர்களின் விருப்பம் என்றால், பாரிசிலும் லண்டனிலும் சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு அதை உடுத்தியவர்கள் யார்? ரசனையைப் பற்றிய இந்த மறுப்பு ரசனையிலிருந்து வரவில்லை. யார் எதை உடுத்துகிறார்கள் என்ற மேல் கீழ்க் கணக்கிலிருந்து வருகிறது.

இனிச் சுவருக்கு வருவோம். இங்கிருந்து ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டரில், ராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த கட்டடம். ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில், 1725 வரை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் தீட்டப்பட்டவை. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், தொப்பியணிந்த ஐரோப்பியரை மன்னர் தர்பாரில் சந்திப்பது, ராஜராஜேஸ்வரி அம்மனிடமிருந்து ஆட்சியுரிமை பெறுவது, ராமாயணம், பாகவதம், மேல்தளத்தில் அந்தப்புரக் காட்சிகள் என்று சுவர், தூண், வளைவு எதையும் விட்டுவைக்காத ஓவியம். இவ்வளவு கூட்டமான சுவர்கள் ஏன் கண்ணை அலைக்கழிக்கவில்லை? பதில் சுண்ணாம்பில் இருக்கிறது. சுண்ணாம்பின் காரம் பல தாவரச் சாயங்களைத் தின்றுவிடும். அதைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் மண்ணிலும் கல்லிலும் கிடைக்கும் நிறங்கள்: செங்காவி, மஞ்சள் காவி, பச்சைமண், கரி, சுண்ணாம்பின் வெள்ளை. ஓவியரின் தட்டை நிரப்பியதும் குறைத்ததும் சுவர்தான். அந்தக் குறைந்த நிறங்களிலும் சிவப்பைப் பின்னணிக்கு ஒதுக்கிவிட்டார்கள். போர்க்களமாக இருந்தாலும் அந்தப்புரமாக இருந்தாலும் கண் திரும்பத் திரும்ப அதே சிவப்பில் வந்து இளைப்பாறுகிறது. காட்சிகளைப் பட்டை பட்டையாகப் பிரித்து, தமிழிலும் தெலுங்கிலும் விளக்கம் எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு உருவத்தையும் கருங்கோடு சூழ்ந்து நிற்கிறது. ஆகவே நிறம் மங்கிய இடத்திலும் உருவம் அழியவில்லை. வடிவமைப்பு மாணவர்கள் இந்தக் கடைசிச் செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடுள்ள கண் உள்ளவர்கள் ஐரோப்பிய வம்ச ஆண்களில் மட்டும் நூற்றுக்கு எட்டுப் பேர் என்பது மருத்துவக் கணக்கு. மற்ற இனங்களிலும் அது இல்லாமலில்லை. நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லாதே என்று இன்றைய இணைய வடிவமைப்பு விதிகள் வலியுறுத்துவது இதனால்தான். முந்நூறு ஆண்டுக்கு முன் அந்த விதியை எழுதியவர் எவருமில்லை. கோடு முதலில், நிறம் பிறகு என்ற தொழில் ஒழுக்கமே அந்த வேலையைச் செய்துவிட்டது.

அதே காரத்தின் கதைதான் ஆத்தங்குடித் தரைக்கல்லிலும். அந்த ஊர் இன்று சிவகங்கை மாவட்டம். 1985க்கு முன் அதுவும் ராமநாதபுரம்தான். செட்டிநாட்டு வீட்டுக்குள் போகிறவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் குனிந்து தரையைப் பார்க்கச் சொல்வேன். அந்தத் தரைக்கல்லைச் செய்யும் விதம் இது: ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூவேலை அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைச் சட்டென்று தூக்கிவிடுவார்கள். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை இட்டு மட்டம் செய்து, காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். காய்ந்த பிறகு கண்ணாடி தானே கழன்றுவிடும். பளபளப்பு அந்தக் கண்ணாடி விட்டுப்போனது. சூளை கிடையாது. சிமெண்டும் காரம் என்பதால் இங்கும் இரும்புத்துருச் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் போன்ற கனிம நிறங்களே நிற்கும். அச்சைத் தூக்கும் நொடியில் குழம்புகள் ஒன்றோடொன்று லேசாகத் தொட்டுக்கொள்வதால் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் இருப்பதில்லை. இந்தச் சிறு நடுக்கத்தை ஆலையில் செய்யும் வழவழ ஓட்டில் 'ஆத்தங்குடி டிசைன்' என்று அச்சடித்து விற்கிறார்கள். பூ இருக்கிறது, நிறமும் இருக்கிறது, தரை மட்டும் செத்துக் கிடக்கிறது. ஒரு நிறத்தட்டைப் பெயர்த்தெடுத்து வேறு பொருளில் ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

சிவகாசியைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். அதுவும் 1985 வரை இந்த மாவட்டமே. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். மழை குறைந்த காற்று தீக்குச்சிக்கும் உகந்தது, காகிதத்துக்கும் உகந்தது. தீப்பெட்டிக்கு ஒட்டும் சீட்டு அச்சாக வேண்டியிருந்ததால் அச்சுத்தொழில் பின்னாலேயே வந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல், தனித்தகடு, தனி ஓட்டம். நிறம் கூடினால் காசு கூடும். ஆகவே இரண்டு மூன்று நிறத்தில், தீப்பெட்டி அளவு இடத்தில், எழுத்தறியாதவரும் பெட்டிக்கடையில் கைநீட்டிக் கேட்கும்படி ஒரு புலியையோ கடிகாரத்தையோ நிறுத்த வேண்டும். கைப்பேசித் திரையில் விரலளவுச் சின்னம் வரைகிறவருக்கு இருக்கும் அதே கணக்கு. சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கிய சாமிப்பட நாட்காட்டிகளில் பலவற்றை வரைந்த கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். நாடகத் திரை தூரத்திலிருந்து படிக்கப்பட வேண்டியது. நாட்காட்டியும் அப்படியே. அவருடைய மீனாட்சியின் பச்சை நம் பூஜையறைகளில் நிலைத்துவிட்டதை ஓவிய விமரிசகர்கள் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

இப்போது வலுவான மறுப்புக்கு வருகிறேன். அந்தத் தடைகள் எல்லாம் ஏழ்மையின் தடைகள், இன்று திரையில் 1,67,77,216 நிறங்கள் இருக்கின்றன, இருப்பதைப் பயன்படுத்தாமல் பழைய கஞ்சத்தனத்தை ஏன் தலையில் சுமக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தடை போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு சுண்ணாம்பு தடுத்தது. இன்று பார்ப்பவரின் கண் தடுக்கிறது. வெள்ளைப் பின்னணியில் மாம்பழ மஞ்சளில் எழுதினால் யாராலும் படிக்க முடியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று உலக அளவிலான இணைய விதி சொல்கிறது. அந்த எண்ணுக்குள் நின்று பார்த்தால் அத்தனை நிறங்களில் பெரும்பகுதி எழுத்துக்கு உதவாமல் உதிர்ந்துவிடும். தடை இல்லாத இடத்தில் தேர்ந்த கலைஞர்கள் தாமாகவே தடையை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வெள்ளைச் சுவரின் பெரும் பிரசாரகராக இருந்த கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1931இல் ஒரு சுவர்த்தாள் நிறுவனத்துக்காக 43 நிறங்களைத் தேர்ந்தார். 1959இல் இன்னும் 20 சேர்த்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். சண்டிகர் உயர்நீதிமன்ற வாயிலில் அவர் நிறுத்திய பெருந்தூண்களில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் இருக்கின்றன. சுற்றிலும் பூச்சில்லாத கான்கிரீட் சாம்பல். அந்தச் சாம்பல் இல்லாவிட்டால் அந்தத் தூண்களைத் திருமணப் பந்தலின் முகப்பு என்றுதான் நினைப்போம்.

மூன்றாவது மறுப்பை நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொருளோடு ஒட்டிய பழைய நிறவுலகைப் போற்றும்போது அதன் கொடுமையை மறைத்துவிடக் கூடாது. டச்சுக்காரர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை. தோண்டும் வேலை குறிப்பிட்ட சாதிக் குடும்பங்களின் மேல் கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டது. நிறம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதும் விதியாக இருந்தது. கைம்பெண்ணுக்கு வெள்ளை என்று எழுதாத சட்டம் நெடுநாள் ஓடியது. 1868இல் கிராபே, லீபர்மன் என்ற இரு ஜெர்மானிய வேதியியலார் சாயவேரில் இருக்கும் அதே அலிசரின் பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார்கள். அதன் பின் வேர் தோண்டும் தொழில் மெல்லச் செத்தது, சிவப்பு மலிந்தது. கூலிக்காரப் பெண்ணும் அழுத்தமான சிவப்பில் சேலை கட்ட முடிந்தது. இதை இழப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆகவே வேரைத் திரும்பத் தோண்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேர் கற்றுத்தந்த ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம். அதைத் தோண்டவைத்த முறையை விட்டுவிடலாம். இரண்டும் பிரிக்க முடியாதவை அல்ல.

ஒழுங்கு என்று சொல்லும்போது ஒரு சொல்லை நினைவூட்டுகிறேன். வண்ணம் வடமொழி வர்ணத்தின் வழிவந்தது என்பார்கள். வந்த சொல்லைத் தமிழ் என்ன செய்தது என்பதுதான் சுவையானது. நிறத்துக்கும் அதுவே பெயர். பாட்டின் சந்தத்துக்கும் அதுவே பெயர். தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களை எண்ணுகிறது. அவை நிறங்கள் அல்ல, ஓசையின் ஓட்டங்கள். 'இவ்வண்ணம்' என்றால் இந்த விதமாக. எந்த எழுத்து எங்கே திரும்ப வர வேண்டும் என்ற கணக்கு ஓசையில் இருப்பது போல, எந்த நிறம் எங்கே திரும்ப வர வேண்டும் என்ற கணக்கு சுவரிலும் இருக்கிறது. கோயில் மதிலின் வெள்ளை, காவிப் பட்டைகளைப் பாருங்கள். சுண்ணாம்பு, செம்மண்: கைக்கெட்டும் மலிவான இரண்டே பொருள். தெருக்கோடியில் வரும்போதே இது கோயில் என்று தெரிந்துவிடுகிறது. பல லட்சம் கொடுத்து நிறுவனங்கள் வாங்கும் அடையாளச் சின்னங்களில் இவ்வளவு வெற்றி பெற்றவை மிகச் சில.

இதே அளவுகோலால் நம்மையும் அளக்க வேண்டும். ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம் 1,212 தூண்கள் அணிவகுக்கும் நடை. அதன் சந்தம் கல்லிலேயே இருக்கிறது. அங்கும், தமிழ்நாட்டின் மற்றப் பல மண்டபங்களிலும் ஒவ்வொரு இதழுக்கும் ஒவ்வொரு நிறம் என்று பூசியிருப்பதைப் பார்க்கும்போது, கண் இளைப்பாற ஒரு பின்னணி இல்லை என்பது என் குறை. பழைய காலத்திலும் வண்ணம் பூசினார்களே என்பார்கள். பூசினார்கள்தான்; ஆனால் சுண்ணாம்பில் குழைத்த நிறம் மூச்சுவிடும், ஈரத்தை வெளியே அனுப்பும். எனாமல் பூச்சு தோல்போல மூடி, உப்புக்காற்றுக் கரையில் ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கிறது. நிறம் பூசியதில் எனக்கு வருத்தமில்லை. எந்தப் பொருளின் மேல் எதைப் பூசுகிறோம் என்ற கேள்வி கேட்கப்படாமல் போனதில்தான் வருத்தம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பக்கத்துக்கோ, வரவேற்பறைக்கோ நிறம் தேட உட்காரும்போது மடிக்கணினியைத் திறக்குமுன் ராமலிங்க விலாசத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஒரு சுவரின் முன் அரைமணி நேரம் நின்று, எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணுவதற்கு முன் மனத்தில் ஒரு எண்ணை ஊகித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊகம் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். பென்சில் கொண்டுபோங்கள். பேனா வேண்டாம், மை சுவரில் பட்டால் போகாது.